வேகம் வேறு, சமநிலை வேறு

ஒரு வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த அளவு வரை நடக்கும், அதாவது எதிரெதிர் வினைகளின் வேகங்கள் சமமாகும் சமநிலை எங்கே அமையும் என்பது இன்னொரு கேள்வி. பாடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் மாணவர் மனத்தில் கலந்துவிடுகின்றன. "வினையூக்கி சேர்த்தால் சமநிலையில் விளைபொருள் கூடும்" என்ற தவறான விடை இந்தக் குழப்பத்தில் பிறப்பதுதான். (வினையூக்கி என்பது தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள்.)

வேகத்தை அளக்கப் பள்ளி ஆய்வகத்தில் சோடியம் தயோசல்பேட் சோதனையை விட நல்லது இல்லை. லிட்டருக்கு 40 கிராம் தயோசல்பேட் படிகம் கரைத்த கரைசலில் 50 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் ஊற்றி, பேனாவால் பெருக்கல் குறி போட்ட தாளின் மேல் வையுங்கள். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. சேர்த்ததும் கடிகாரத்தை ஓடவிடுங்கள். கந்தகம் நுண்துகள்களாகப் பிரிந்து கரைசல் கலங்கும். மேலிருந்து பார்க்கையில் குறி மறையும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 40, 30, 20, 10 மி.லி. என்று குறைத்து, ஒவ்வொன்றையும் தண்ணீர் ஊற்றி 50 மி.லி. ஆக்கிய பிறகே அமிலம் சேர்க்க வேண்டும்.

தண்ணீரைச் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம். அப்போது செறிவு நினைத்த அளவுக்குக் குறையாது. போதாததற்குக் கரைசலின் ஆழமும் குறைவதால் குறியை மறைக்கக் கூடுதல் கலங்கல் தேவைப்படும். நடுவில் வேறு அளவுக் குடுவைக்கு மாறினாலும் இதே கோளாறு. முந்தைய கந்தகம் ஒட்டிய குடுவை நேரத்தைக் குறைத்துக் காட்டும். குறி மறைந்ததா என்பதை எல்லாத் தடவையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு கந்தகமே குறியை மறைக்கிறது. எனவே 1-ஐ நேரத்தால் வகுத்தால் வேகத்தின் அளவு கிடைக்கும். அதைத் தயோசல்பேட்டின் செறிவுக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு வரும். இந்த வினையில் வெளிவரும் சல்பர் டை ஆக்சைடு மூச்சை உறுத்தும் வாயு என்பதால் சன்னல்களைத் திறந்து வையுங்கள். கரைசலை 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். முடிந்த கரைசலை உடனே சோடியம் கார்பனேட் கரைசலில் கொட்டிவிடுங்கள்.

வெப்பநிலை 25-லிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் வாயு மூலக்கூறுகளின் மோதல் எண்ணிக்கை 2 சதவீதம்கூடக் கூடுவதில்லை. ஆனால் கிளர்வுறு ஆற்றல் (வினைபுரிய மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் அளவில் இருக்கும் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தடையைத் தாண்டும் ஆற்றல் கொண்ட மூலக்கூறுகளின் பங்கு சட்டென்று பெருகுவதே காரணம். தடை உயரமாக இருக்க இருக்க இந்தப் பெருக்கமும் அதிகம்.

இந்தக் கடைசி வரிதான் சமநிலைக்கும் திறவுகோல். முன்னும் பின்னும் நடக்கக்கூடிய மீள்வினையில் இரு திசைக்கும் தனித்தனித் தடை உண்டு. வெப்பம் கொள்ளும் திசைக்கே தடை உயரம். சூடாக்கினால் இரண்டும் வேகமெடுக்கும். வெப்பம் கொள்ளும் திசை கூடுதலாக வேகமெடுக்கும். சமநிலை அந்தப் பக்கம் நகரும். வினையூக்கியோ இரு தடைகளையும் ஒரே அளவு தாழ்த்துகிறது. இரு வேகங்களும் ஒரே மடங்கு கூடுவதால் சமநிலை இருந்த இடத்திலேயே இருக்கும், சீக்கிரம் எட்டப்படும், அவ்வளவே.

அழுத்தத்தின் விளைவைப் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் கலந்த சிரிஞ்சில் காணலாம். நச்சு வாயு, ஆசிரியரே புகை உறிஞ்சும் கூண்டில் செய்துகாட்ட வேண்டும். தண்டை அழுத்தியதும் நிறம் அடர்கிறது, பிறகு சமநிலை நிறமற்ற வாயுவின் பக்கம் நகர்வதால் சற்று வெளிறுகிறது. ஆனால் முதலில் இருந்த நிறத்தைவிட அடர்வாகவே நிற்கும். சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்று கூறும் லீ சாட்லியர் தத்துவம் சொல்வது மாற்றம் தணியும் என்றுதான், அழிந்துபோகும் என்றல்ல. இது பக்கவாட்டில் தெரியும் காட்சி. சிரிஞ்சின் நீளவாக்கில் பார்த்தால் பார்வைக் கோட்டிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை அழுத்துவதால் மாறாது. ஆகவே அடர்வது தெரியாது, சமநிலை நகர்வதால் வெளிறுவது மட்டும் தெரியும். மிக அழகான சோதனை இது.

இரு கேள்விகளும் நேருக்கு நேர் மோதும் இடம் அம்மோனியா உற்பத்தி. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேரும்போது ஒரு மோல் நைட்ரஜனுக்கு 92 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே குளிர்ச்சியில் விளைச்சல் அதிகம், வேகமோ பயனற்ற அளவுக்குக் குறைவு. ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் 1909-இல் செய்துகாட்டிய இந்த வினை, 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஆலையாயிற்று. பாடநூல்கள் தரும் நிலைமைகள் 450 டிகிரி, 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி. இரும்பு சமநிலையைத் தொடுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் வேகத்துக்காக வெப்பநிலையை இன்னும் வெகுவாக உயர்த்த வேண்டியிருக்கும், அங்கே சமநிலையில் அம்மோனியா மிகச் சொற்பம். இரும்பு இருந்தும் ஒரு சுற்றில் சுமார் 15 சதவீதமே மாறுகிறது. வெளிவரும் வாயுவைக் குளிர்வித்து அம்மோனியாவைத் திரவமாகப் பிரித்தெடுத்து, மீதியை மறுபடி உலைக்கே அனுப்புகிறார்கள்.