நடவு வயலும் குறைமாதப் பிரசவமும்

ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்து தண்ணீர் கடைமடை சேர்ந்துவிட்டால், டெல்டாவில் குறுவை நடவு மும்முரமாகிவிடும். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. குனிந்து நடும் வரிசையில் ஆறு மாதக் கர்ப்பிணியும் இருப்பாள். "பழகின ஒடம்பு, ஒண்ணும் ஆவாது" என்பார்கள். பழகியது தாயின் உடம்பு மட்டும்தான்.

கருவிலிருக்கும் குழந்தையின் உடல் வெப்பம் தாயுடையதைவிட அரை டிகிரி அளவுக்குக் கூடுதல். அந்தச் சூட்டைப் பெரும்பாலும் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்தில்தான் இறக்க வேண்டும். தாய் அதை வியர்த்து வெளியேற்றுவாள். ஆனால் வியர்வை வழிந்தால் போதாது, காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நீர் தேங்கிய வயலின் புழுக்கத்தில், அதுவும் முழுக்கைச் சட்டைக்குள், அது எங்கே காய்வது? அதனால்தான் வறண்ட ஊரின் 40 டிகிரியைவிட இங்கே 36 டிகிரி சில நாட்களில் மோசமாக இருக்கும்.

சூட்டைத் தணிக்க உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்புகிறது. ஒரு மதகைத் தூக்கினால் அடுத்த வாய்க்காலில் அளவு குறைகிற கதைதான்: கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடம்பில் நீர் வற்றும்போது, அதைச் சேமிக்க வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கும். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினுக்கும் இதற்கும் ஒன்பது அமினோ அமிலங்களில் இரண்டுதான் வேறு. ஆள் மாறாட்டம் நடந்து கர்ப்பப்பை நேரத்துக்கு முன்பே சுருங்கலாம் என்பது ஒரு விளக்கம்.

வரப்புக்கு டீயும் வடையும் வரும். ஒதுங்க மறைவிடம் இருக்காது. அதனாலேயே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்கினால் தொற்று வரும். தொற்று வந்தால் உடம்பில் கிளம்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனங்கள் கர்ப்பப்பை வாயை இளக்கி, பனிக்குடத்தை முன்னதாகவே உடைய வைக்கக்கூடும்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஆய்வின்படி, வெப்பம் 1 டிகிரி கூடினால் 37 வாரத்துக்கு முன் பிறக்கும் வாய்ப்பு சுமார் 5 சதவீதமும், வெப்ப அலையின்போது 16 சதவீதமும் கூடுகிறது. ஒரு பெண்ணுக்கு இது சிறிய எண்தான். ஆனால் இந்தியாவில் அதே 2020-ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 30 லட்சம்.

வயலோடு இது முடிவதுமில்லை. வீட்டில் விறகடுப்பு என்றால் புகையின் நுண்துகள் நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடி வரை போகும். இரவிலோ, பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை விடிய விடிய அனலை இறக்கிக்கொண்டிருக்கும்.