1 என்றால் 85: விரல் நுனிக் கருவிக்குள் இருக்கும் கணக்கு

டெல்லி ஆர்.கே. புரத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர், பொறியியல் படிக்கும் மகளுக்குத் துணையாக ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவப் பொறியியல் செமினாருக்குப் போயிருக்கிறார். விரலில் கிளிப்பாக மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் படிக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் புதுவகை ஒன்றைப் பற்றிய பேச்சு. பேச்சு முடிந்ததும் மயக்க மருந்து மருத்துவர் ஒருவர் எழுந்து அடுத்தடுத்து மூன்று கேள்வி கேட்டாராம்: எத்தனை பேரை வைத்து காலிப்ரேட் (உண்மை அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்தல்) செய்தீர்கள்? அவர்கள் என்ன நிறம்? ஆக்சிஜன் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே போனால் என்ன செய்தீர்கள்?

வாசகரின் சந்தேகம் இது: "ஒரு பொருள் ஒளியை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்குப் பள்ளியிலேயே விதி படித்திருக்கிறோம். ரத்தத்தின் எண்கள் அட்டவணையில் இருக்கின்றன. கணக்குப் போட்டால் விடை வந்துவிடாதா? நடுவில் மனிதர்கள் எதற்கு?"

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அது எங்கே இடறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் செக்கச்செவேலென்று இருக்கும், ஏறாதது கருஞ்சிவப்பு. கிளிப்புக்குள் ஒரு பக்கம் இரண்டு எல்இடி: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. மறுபக்கம் ஒரே ஒரு ஒளி உணரி. சிவப்பு எரியும், அணையும். அகச்சிவப்பு எரியும், அணையும். பிறகு இரண்டும் அணைந்திருக்கும் ஒரு கணம். அந்த இருட்டுக் கணத்தில் உணரிக்கு வருவது அறை விளக்கின் வெளிச்சம். அதை மற்ற அளவுகளிலிருந்து கழித்துவிடுவார்கள். இந்தச் சுற்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஓடுவதால் கண்ணுக்கு வெறும் சிவப்பு வெளிச்சமாகத் தெரிகிறது.

சிக்கல் விரலில் இருக்கிறது. தோல், கொழுப்பு, எலும்பு, நகம், சிரை ரத்தம் என்று ஒளியின் பெரும்பகுதியை விழுங்குபவை வேறு. நமக்கு வேண்டியது தமனி ரத்தம் மட்டும். 1940களில் இதற்கு ஒரு முரட்டு வழி வைத்திருந்தார்கள்: காது மடலைக் காற்றுப் பையால் நசுக்கி, ரத்தத்தை வெளியேற்றி, வெறும் காதை ஒருமுறை அளப்பது, பிறகு விட்டுவிட்டு ரத்தத்தோடு அளப்பது. 1970களில் ஹியூலெட் பேக்கார்ட் எட்டு அலைநீளங்களில் அளக்கும் கருவியே செய்தது. காதைச் சூடாக்கித்தான் அதையும் பயன்படுத்த வேண்டியிருந்தது.

தக்குவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் தேடிக்கொண்டிருந்தது வேறொன்றை. நிஹோன் கோடென் நிறுவனத்தில், இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதில் ஒளிவிட்டு அளக்க முயன்றார். சாயம் கரைந்து குறைவதைக் காட்டும் கோடு வழவழவென்று இறங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அதில் ஒரு மேடு விழுந்தது. மேடுகளை அழிக்க, சாயம் உறிஞ்சாத இன்னொரு அலைநீளத்தில் அதே துடிப்பை அளந்து, ஒன்றை வைத்து மற்றதை ஈடுகட்டினார். ஈடுகட்டல் பலித்தது, ஆனால் ஆக்சிஜன் அளவு மாறினால் மட்டும் கெட்டுப்போனது. எவ்வளவு கெடுகிறது என்பதே ஆக்சிஜனின் அளவைச் சொல்லிவிடுமே என்பது அவருக்குப் பிடிபட்டது. 1974ல் ஜப்பானின் மருத்துவ மின்னணுவியல், உயிரியல் பொறியியல் சங்க மாநாட்டில் இதை அறிவித்தார். 2020 ஏப்ரலில், கொரோனாவால் உலகமே இந்தக் கருவியைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, தன் 84ஆவது வயதில் காலமானார்.

துடிப்பு ஏன் இவ்வளவு உதவுகிறது? கைக்குழந்தையின் எடை வேண்டுமென்றால் தாய் குழந்தையோடு ஒருமுறை எடைமேடையில் ஏறுவாள், குழந்தையை இறக்கிவிட்டு இன்னொரு முறை ஏறுவாள். வித்தியாசம்தான் குழந்தை, தாயின் எடை என்னவாக இருந்தால் என்ன? விரலிலும் அதேதான் நடக்கிறது. இதயம் சுருங்கும்போது தமனி சற்றே பருக்கிறது, ஒளி சற்றே குறைகிறது. இதயம் தளரும்போது மீள்கிறது. எலும்பு துடிப்பதில்லை, நகமும் துடிப்பதில்லை. துடிக்கும் பகுதி எதுவோ அது தமனி ரத்தம். இந்தப் பகுதி மொத்த ஒளியில் பெரும்பாலும் 1 அல்லது 2 விழுக்காடுதான். கை குளிர்ந்திருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் இறங்கிவிடும். இந்தத் துளியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதுதான் கருவியின் உழைப்பில் பெரும்பங்கு.

எண்ணில் பார்க்கலாம். சிவப்பில் துடிக்காத பகுதி 2.000 வோல்ட், துடிப்பு 0.010 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 0.5 விழுக்காடு. அகச்சிவப்பில் 2.500 வோல்ட், துடிப்பு 0.025, வகுத்தால் 1 விழுக்காடு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.5. விகிதத்தின் விகிதம் என்று செமினார்களில் அடிபடும் அந்த எண் இதுதான். பாடப்புத்தகங்களில் வரும் தோராயச் சூத்திரம்: 110லிருந்து 25 மடங்கு விகிதத்தைக் கழி. 110 கழித்தல் 12.5, அதாவது 97.5 விழுக்காடு. ஹீமோகுளோபினில் அவ்வளவு பங்கில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று பொருள், இதுதான் ஆக்சிஜன் செறிவு. திரையில் 97 அல்லது 98 வரும்.

இப்போது விரலைத் தடிமனாக்குவோம். சிவப்பு ஒளி பாதியாகக் குறைகிறது: துடிக்காத பகுதி 1.000, துடிப்பு 0.005. வகுத்தால் மறுபடியும் அதே 0.5 விழுக்காடு! எல்இடி பழசாகி மங்கினாலும், நகம் தடித்திருந்தாலும், கிளிப் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும், மேலேயும் கீழேயும் ஒரே மடங்கில் குறைவதால் எல்லாம் அடிபட்டுப் போகின்றன. ஒரே ஒரு வகுத்தல். மருத்துவக் கருவிகளில் இவ்வளவு சிக்கனமான தந்திரம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, வாசகர் கேட்ட கணக்கு. ஹீமோகுளோபின் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்ற அட்டவணை எண்கள், அலகை விட்டுவிட்டுச் சொன்னால், இவை: 660ல் ஆக்சிஜன் ஏறியதற்கு சுமார் 320, ஏறாததற்கு சுமார் 3,230. 940ல் ஏறியதற்கு சுமார் 1,210, ஏறாததற்கு சுமார் 690. பள்ளியில் படித்த பீர்–லாம்பர்ட் விதியில் இவற்றைப் பொருத்தி, விகிதம் சரியாக 1 வரும்போது ஆக்சிஜன் செறிவு என்ன என்று கேட்டால், விடை ஏறத்தாழ 74 விழுக்காடு. உண்மைக் கருவிகள் அதே விகிதத்துக்கு 85 காட்டுகின்றன. விகிதம் 0.5 ஆனால் விதி 91 என்கிறது, கருவி 97.5 என்கிறது.

தவறுவது விதிதான். ஒளி நேர்கோட்டில், சிதறாமல், தெளிந்த திரவத்தின் வழியே போகும் என்ற நிபந்தனையோடுதான் அது எழுதப்பட்டது. விரலுக்குள் ஒளி சிவப்பணுக்களிலும் திசு நார்களிலும் மோதி, கோணல்மாணலாக அலைந்துதான் வெளியே வருகிறது. சிவப்பு அலையும் பாதையின் நீளமும் அகச்சிவப்பு அலையும் பாதையின் நீளமும் ஒன்றில்லை. போதாததற்கு ஆக்சிஜன் அளவு மாறினால் அந்த நீளங்களும் மாறுகின்றன. இதையெல்லாம் காகிதத்தில் தீர்க்க முடியாததால் மனிதர்களிடம் போகிறார்கள்.

ஆரோக்கியமான தன்னார்வலரைப் படுக்கவைத்து, மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாய் செருகி, முகமூடி வழியே நைட்ரஜன் கலந்த, ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுப்பார்கள். செறிவு 100லிருந்து படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் சற்று நிலைநிறுத்தி, தமனி ரத்தம் எடுத்து, கோ-ஆக்சிமீட்டர் என்ற ஆய்வகக் கருவியில் உண்மை அளவைப் பார்ப்பார்கள். அதே கணத்தில் விரல் கருவி தந்த விகிதத்தைப் பக்கத்தில் குறித்துக்கொள்வார்கள். இப்படிச் சேர்ந்த இணைகளை வைத்து வரையும் கோடுதான் கருவியின் நினைவகத்தில் அட்டவணையாக உட்கார்ந்திருக்கிறது. நம் விரலை அது நேரடியாக அளப்பதாக நினைக்கிறோம். அது சொல்வது இவ்வளவுதான்: உங்கள் விகிதம் வந்தபோது அந்தத் தன்னார்வலர்களின் ரத்தம் இப்படி இருந்தது.

எழுபதுக்குக் கீழே ஒரு மனிதரை வேண்டுமென்றே இறக்குவது ஆபத்து. அதனால் கோடு அங்கே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே திரையில் வரும் எண் கோட்டை இழுத்துப்போட்டு ஊகித்தது. மருத்துவரின் மூன்றாவது கேள்வி அதைப் பற்றியது.

முதல் இரண்டு கேள்விகள் இதைவிடக் கூர்மையானவை. அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல் கேட்டது குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள். கருமையான தோல் உள்ளவர்கள் 2 பேர் அல்லது 15 விழுக்காடு, இதில் எது அதிகமோ அது. இரண்டே பேர்! 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு பலரை உலுக்கியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், உண்மை அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு, கருப்பினத்தவரில் 11.7 விழுக்காடு.

இங்கே ஒரு முரண் இடிக்கிறது. வகுத்தலில் எல்லாம் அடிபட்டுப் போகும் என்றோமே, தோலின் மெலனினும் துடிப்பதில்லையே, அது மட்டும் எப்படித் தப்பியது? காரணங்களில் ஒன்று எல்இடியின் குணம். 660 என்று பெயர் போட்டிருந்தாலும் எல்இடி ஒரே அலைநீளத்தை உமிழ்வதில்லை. இருபது முப்பது நானோமீட்டர் அகலத்துக்குப் பரந்திருக்கும். மெலனின் குறுகிய அலைநீளங்களைக் கூடுதலாக விழுங்கும். ஆகவே கருந்தோலைத் தாண்டி ரத்தத்தை எட்டும் சிவப்பு, சராசரியில் சற்று நீண்ட அலைநீளம் கொண்டது. ஆக்சிஜன் ஏறாத ஹீமோகுளோபினின் உறிஞ்சல் சரியாக அந்த இடத்தில்தான் செங்குத்தாகச் சரிகிறது: 650ல் சுமார் 3,750, 680ல் சுமார் 2,400. சில நானோமீட்டர் நகர்ந்தாலே உறிஞ்சல் குறைந்து, சிவப்பின் துடிப்பு சிறுத்து, விகிதம் சுருங்கி, திரையில் எண் ஏறுகிறது. ஏறுவதுதான் அபாயம். குறைத்துக் காட்டினால் மருத்துவமனைக்கு ஓடுவோம். கூட்டிக் காட்டினால் வீட்டில் உட்கார்ந்திருப்போம். 2025 ஜனவரியில் அதே அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட புதிய வரைவு, 150 பேருக்குக் குறையாமல், பல்வேறு தோல் நிறங்களில் சோதிக்கச் சொன்னது.

ஆகவே வாசகரின் மகள் அடுத்த செமினாருக்குப் போனால் ஒரே ஒரு ஸ்லைடுக்காகக் காத்திருக்கலாம். உண்மை அளவும் கருவி அளவும் ஒரு சாய்கோட்டில் அழகாக ஒட்டிக்கொண்டு, மூலையில் "ஒட்டுறவு 0.97" (இரண்டு அளவும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற எண், 1 என்றால் முழுமை) என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். எப்போதும் நான்கு புள்ளி கூட்டிக் காட்டும் கருவிக்கும் ஒட்டுறவு பிரமாதமாகவே வரும். பார்க்க வேண்டியது பிளாண்ட்–ஆல்ட்மன் படம்: கிடையச்சில் இரண்டின் சராசரி, செங்குத்தச்சில் இரண்டின் வித்தியாசம். 1986ல் லான்செட் இதழில் அந்த இரு புள்ளியியலாளர்களும் எழுதிய பிறகு மருத்துவ அளவீட்டில் இதுவே வழக்கம். புள்ளிகள் பூஜ்யத்தைச் சுற்றி இருக்கின்றனவா, மேலே மிதக்கின்றனவா, செறிவு குறையக் குறைய விசிறிபோல் விரிகின்றனவா என்பது ஒரு பார்வையில் தெரியும். பிழை 3 விழுக்காடு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், மூன்றில் இரண்டு முறை உண்மை அளவு காட்டியதற்கு 3 மேலோ கீழோ உள்ளுக்குள் இருக்கும் என்றுதான் பொருள். 92 என்பது 89ஆகவும் இருக்கலாம், 95ஆகவும் இருக்கலாம்.

பேச்சாளர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. தன்னார்வலர் சோதனைக்கு நெறிமுறைக் குழு, மயக்க மருந்து மருத்துவர், அவசர சிகிச்சை வசதி, கோ-ஆக்சிமீட்டர் எல்லாம் வேண்டும். டெல்லி ஐஐடியும் எய்ம்ஸும் சேர்ந்து உயிர்மருத்துவப் பொறியியல் மையம் தொடங்கி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பொறியாளரும் மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் இப்படிப்பட்ட மூன்று கேள்விகளே பிறக்கும். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காட்டைத்தான் ஆய்வுக்குச் செலவழிக்கிறோம். அதிலும் புதுக் கருவிக்கு நிதி கிடைக்கும் அளவுக்கு, இருக்கிற கருவி நம் தோலில் சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனைக்குக் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. மாநிறமும் கறுப்புமாக நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டில் இது வெட்கக்கேடு.

மிச்சம் இருப்பது கருவியின் குறும்புகள். விகிதம் 1 என்றால் 85 என்று பார்த்தோம். விரல் ஆடும்போது இரண்டு ஒளியும் ஒரே விழுக்காட்டில் ஏறி இறங்கும். இரைச்சல் துடிப்பை விழுங்கிவிட்டால் விகிதம் 1ஐ நோக்கி நகரும், எண் 85ஐ நோக்கி நகரும். கையை ஆட்டுபவருக்கோ, குளிரில் விறைத்த விரலுக்கோ திடீரென்று 85 வந்தால், பயப்படுவதற்கு முன் கையைத் தேய்த்துச் சூடாக்கி, மேசைமேல் அசையாமல் வைத்து, துடிப்பு அலை ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்து, அரை நிமிடம் கழித்து எண்ணைப் படிக்கவும். அப்போதும் குறைவாகவே இருந்தால், அல்லது மூச்சுத் திணறல் இருந்தால், கருவியோடு வாதாடாமல் மருத்துவரிடம் போகவும். நீலம், கறுப்பு நகப்பூச்சு இருந்தால் கிளிப்பைப் பக்கவாட்டில் மாட்டலாம். மருத்துவமனைகளில் இன்னொன்று: எல்இடிக்கு எல்இடி அலைநீளம் சற்று மாறும் என்பதால், சில நிறுவனங்கள் எந்த அட்டவணையைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் மின்தடை ஒன்றை பிரோப்பின் (கம்பியோடு வரும் விரல் கிளிப்பின்) பிளக்குக்குள்ளேயே வைக்கின்றன. மலிவு விலை போலி பிரோப் அழகாகப் பொருந்தும், எண்ணும் காட்டும், அட்டவணை மட்டும் வேறாக இருக்கும்.

2021ல் கற்பூரமும் கிராம்பும் ஓமமும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. முகர்ந்தவர்களில் சிலருக்கு எண் ஏறியும் இருக்கும். ஆழமாக நாலு மூச்சு இழுத்து, கையை அசைக்காமல் உட்கார்ந்தால் கற்பூரம் இல்லாமலும் ஏறும்.

டெல்லிக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஜனவரிக் குளிரில் வரும். ஜன்னலை அடைத்துவிட்டு அங்கீட்டியில் கரி மூட்டித் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூட்டுப்பொருள் 660ல் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் போலவே நடந்துகொள்ளும். 940ல் அநேகமாக எதையும் உறிஞ்சாது. இரண்டே ஒளியை வைத்திருக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. தலைவலியும் வாந்தியுமாக மயங்கிக் கிடப்பவரின் விரலில் அது 98 காட்டும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கதவைத் திறந்து அவரை வெளியே தூக்கி வந்து 112க்கு அழையுங்கள். அவசரப் பிரிவில் கரி மூட்டிய விவரத்தை வாய்விட்டுச் சொல்லி, கோ-ஆக்சிமீட்டர் ரத்தப் பரிசோதனை வேண்டுமென்று கேளுங்கள்.