மெதுவாக ஓட்டத் தெரியாதவர்கள்

பயிற்சிக்கு வந்த முதல் நாளே அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வயது 43. நாள் முழுவதும் நாற்காலியில் உட்காரும் வேலை. வாரத்தில் நான்கு விடியற்காலை சைக்கிள். ஓட்டியது அத்தனையும் அதில் பதிவாகியிருந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். சராசரி வேகம் மணிக்கு 27.1 கிலோமீட்டர். அடுத்தது 26.8. அடுத்தது 27.3. அப்புறம் 27. "முதல் மூன்று மாதம் நன்றாக ஏறியது சார். அதற்குப் பிறகு அசையவே மாட்டேன் என்கிறது. வாரத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளட்டுமா?" என்றார்.

"இவற்றில் எந்த நாள் உங்களுக்குப் பிடித்திருந்தது?" என்று கேட்டேன்.

கைப்பேசியைத் திரும்ப வாங்கித் தேட ஆரம்பித்தார். நெடுநேரம் தேடினார்.

ஆசைக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் சோம்பேறிகள் மிகக் குறைவு. மெதுவாகப் போக வேண்டிய நாளில் மெதுவாகப் போக முடியாதவர்கள்தான் அதிகம். முன்னால் யாராவது தெரிந்தால் துரத்துவார்கள். வீடு நெருங்கும்போது, சராசரியை அரைப் புள்ளி ஏற்றுவதற்காக எழுந்து நின்று மிதிப்பார்கள். இப்படிச் செலவழித்த பிறகு, உண்மையிலேயே பாய வேண்டிய நாளில் கால் கனக்கிறது. எளிதான நாளும் கடினமான நாளும் நடுவில் ஓரிடத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, உழைத்த நிறைவும் கிடைக்கிறது. உடலோ அந்தச் சுமைக்கு எப்போதோ பழகிவிட்டது.

நீண்ட நேரம் இலகுவாக மிதிக்கும்போது தசைகளில் நுண்ணிய ரத்த நாளங்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்கும் திறன் வளர்கிறது. சில நிமிடங்கள் மூச்சு முட்ட மிதித்து, இளைப்பாறி, மறுபடி மிதிக்கும்போது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. இரண்டும் வேண்டும். முதலாவதில் பெரும்பகுதி நேரத்தையும் இரண்டாவதில் சிறுபகுதியையும் செலவிட்டால் போதும்.

எது இலகு என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைக்கடிகாரம் சொல்லும் இதயத் துடிப்பு எல்லைகளை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு வந்துவிடும் என்ற கணக்கின் மேல் அமைந்தவை அவற்றில் பல. அந்தக் கணக்கு பெரிய கூட்டத்தின் சராசரிக்குச் சரி. தனி ஒருவருக்கு 10, 12 துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். அதனால் நான் பழைய வழியையே வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஓட்டிக்கொண்டே, "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பேன். நடுவில் மூச்சுக்கு நிற்காமல் முழு வாக்கியமாக வந்தால் சரியான வேகம். "ஆமாம் சார்", "இல்லை சார்" என்று பதில் சுருங்கினால் கியரைக் குறைக்கச் சொல்வேன். இந்த முறையால் பல தொழில்களின் உள்விவகாரம் எனக்கு அத்துப்படி.

பெரும்பகுதி இலகுவாக ஓட்டினால் போதும் என்பதை நம்பாதவர்களுக்கு ரொபேர் மார்ஷானைக் காட்டுவேன். 1911-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். 2012-இல், 100 வயதில், உள்ளரங்க ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினார். பிறகு உடலியல் ஆய்வாளர் வெரோனிக் பில்லாவின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார். ஐந்தில் நான்கு பங்கு இலகுவான ஓட்டம், ஒரு பங்கு கடுமை. 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.9 கிலோமீட்டர். 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையில் அவருடைய அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் 13 சதவீதம் உயர்ந்ததாக அளந்து பதிவுசெய்திருக்கிறார்கள். காற்றில்லாத, மேடுபள்ளமில்லாத ஓடுதளம்தான் என்றாலும், 26.9 என்ற அந்த எண்ணை நான் 43 வயதுக்காரரிடம் அன்று சொல்லவில்லை. முதல் நாளிலேயே மனதை நோகடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எண்கள் எனக்கும் பிடிக்கும். ஒரு காலத்தில் அளவுக்கு மீறிப் பிடித்திருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆசிரியை வந்தார். அவருடைய முதல் 200 கிலோமீட்டர் பயணத்துக்கு 12 வாரத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை வாட், இத்தனை நிமிடம், பெடல் நிமிடத்துக்கு இத்தனை சுற்று. வாட் என்பது மிதிக்கும் சக்தியின் அளவு. இருபது நிமிடம் முழு பலத்தோடு மிதித்துத் திறனை அளக்கும் சோதனையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்தேன். ஆறேழு வாரத்துக்கு ஒன்றே அதிகம் என்று இப்போது சொல்வேன். ஏழாவது வாரம் அவர் தொலைபேசியில் சொன்னார்: "காலையில் சைக்கிளைப் பார்த்தால் திருத்தாத விடைத்தாள் கட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது." அதன் பிறகு இரண்டு மாதம் அவர் சைக்கிளைத் தொடவில்லை.

பின்னால் பேசும்போதுதான் தெரிந்தது, அவர் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததே ஓர் ஏரிக்கரைப் பாதைக்காக. குண்டும் குழியுமான பாதை. அங்கே சீரான வாட் வராது என்று நான்தான் அதைத் திட்டத்திலிருந்து எடுத்திருந்தேன். இத்தனைக்கும் அவர் போகவிருந்தது பிரவே, அதாவது போட்டியாக இல்லாமல் குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்கிற நெடுந்தூரப் பயணம். 200 கிலோமீட்டருக்கு நேர வரம்பு 13 மணி 30 நிமிடம். நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூடத் தேவையில்லை. அவருக்கு வேண்டியிருந்தது நீண்ட நேரம் உட்காரும் பழக்கமும், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ளும் ஒழுங்கும். வாட் கணக்கைப் போட்டு நான் என் திறமையைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். யாருடைய திட்டமானாலும் வாரத்தில் ஒரு நாள் ஹேண்டில்பாரில் உள்ள மீட்டரின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பதிவாகட்டும், பார்க்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் பலர் ஒட்டுத்தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிடுகிறார்கள்.

வலியோடு ஓட்டுகிறவரிடம் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆகவே முதல் சந்திப்பில் அரை மணி நேரம் சைக்கிள் சீட்டின் உயரத்தைச் சரிபார்ப்பதற்கு. சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காரச் சொல்வேன். பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் தானாகவே ஒரு சிறு மடிப்பு வரும். ஒரே மாதிரி காலணியோடு பார்ப்பது முக்கியம். வெறுங்காலோடு அளந்துவிட்டு, தடித்த அடிப்பாகம் உள்ள காலணியோடு ஓட்டினால் கணக்கு தப்பும். அடுத்து, பின்னால் நின்று இடுப்பைப் பார்ப்பேன். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் சாய்ந்தால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும். பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கும். மாற்றுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர், பிறகு சில நாள் ஓட்டிப் பார்ப்பது. ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றிவிட்டு நொண்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. தொடைகளின் நடுவிலோ விரல்களிலோ மரத்துப்போனால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது பழகிப்போகும் விஷயமன்று.

குழுவாகப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. மேட்டில் பின்தங்கியவருக்காக முன்னால் போனவர்கள் உச்சியில் காத்திருப்பார்கள். நல்ல மனதுதான். தண்ணீர் குடித்து, சிரித்துப் பேசி, கால்கள் ஆறிய நேரத்தில் அவர் மூச்சிரைக்க வந்து சேருவார். "வந்துவிட்டாரா, கிளம்பலாம்" என்று எல்லோரும் பெடலில் கால் வைப்பார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு ஓய்வே கிடையாது. நாலைந்து வாரத்தில் அவர் வருவதை நிறுத்திவிடுவார். ஆர்வம் குறைந்துவிட்டது என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். காத்திருப்பதென்றால் அவர் வந்து சேர்ந்த பிறகு மூன்று நிமிடம் காத்திருங்கள். சமதளத்தில் அவரை நடுவில் விடுங்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஓட்டினால் காற்றை எதிர்க்கும் உழைப்பு வெகுவாகக் குறையும்.

மூன்று வாரத்துக்குப் பின் ஒரு வாரம் பாதியாகக் குறைத்துக்கொள்வது, காய்ச்சலோடு ஓட்டாதிருப்பது, காலையில் எழும்போது இதயத் துடிப்பு வழக்கத்தைவிடத் தொடர்ந்து கூடுதலாக இருந்தால் அன்று ஓய்வெடுப்பது, இவையெல்லாம் பலரும் எழுதியவைதான். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் இறங்கி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள். வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மிதிக்க வேண்டாம்.

அன்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். திரையை எனக்குக் காட்டாமல் கொஞ்சம் தயங்கினார். சராசரி 11.6. "இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். மகள் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டு என்னோடு வந்த நாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்."

நான் திட்டத் தாளை எடுத்து, மற்றக் கட்டங்கள் எல்லாம் காலியாக இருக்கும்போதே, ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக எழுதினேன்: மகளோடு, ஒரு மணி நேரம், மீட்டர் இல்லாமல்.