சர்வீஸ் இருந்தால் மட்டும் சொல்லிக்கொடுக்க வந்துவிடுமா?

இன்சுலின் 10 யூனிட் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணிடம் சீனியர் சிஸ்டர், "அந்த ஆச்சிக்குப் பத்து யூனிட் போட்டுரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவளும் போட்டாள். இரண்டு நாளாகியும் சர்க்கரை இறங்கவில்லை. மூன்றாம் நாள் நான் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, மருந்து பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், கையில் இருந்தது மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் பத்தாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தை, 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்திருந்தால் பத்துக்கு 25 போயிருக்கும். நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

காரைக்குடிப் பக்கம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் திட்டினார்கள். எனக்கு அந்த சீனியரைப் பற்றித்தான் யோசனை போனது. பதினெட்டு வருஷ சர்வீஸ், கை பட்டால் வெயின் கிடைக்கும், அவ்வளவு திறமை. 40 யூனிட் பாட்டிலைப் பார்த்தால் அவர் கை தானாகச் சிவப்பு மூடிக்குப் போகும். அந்த இடத்தில் தான் ஒரு முடிவு எடுக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது, மறந்துபோனதை எப்படிச் சொல்லிக்கொடுப்பார்?

ஒருமுறை வார்டில் ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர் ஒருவர் அட்மிட் ஆகியிருந்தார். கண்ணாடி மேல் அச்சை வைத்து வர்ணச் சிமெண்டை ஊற்றும் வேலை. எவ்வளவு ஊற்றுவது என்று எப்படித் தெரியும் ஐயா என்று கேட்டேன். "அது கைக்குத் தெரியும்மா" என்றார். எங்கள் வேலையிலும் நிறைய விஷயம் கைக்குத்தான் தெரிகிறது, வாய்க்கு வருவதில்லை.

அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், கைதேர்ந்தவர் விதியை யோசிப்பதே இல்லை, பார்த்ததும் புரிந்துவிடுகிறது. அதனால் புதிதாக வந்தவர்களை வார்டிலேயே மூத்தவரிடம்தான் விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. இரண்டு மூன்று வருஷம் ஒரே வார்டில் நின்றவருக்கு, தான் தடுமாறிய இடம் எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கும். மூத்தவர்தான் சொல்லித்தர வேண்டுமென்றால் அவருக்கு அதற்கென்று பயிற்சி கொடுத்தாக வேண்டும்.

பயிற்சி என்றால் பெரிய மாநாடு இல்லை. நாங்கள் மதிய ஷிஃப்ட் மாறும் நேரத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் வீதம் நான்கு நாள் உட்கார்ந்தோம், அவ்வளவுதான். அதில் முதலாவதும் முக்கியமானதும் வாய்விட்டு யோசிப்பது. கட்டிலருகே போகும்போது மனசுக்குள் ஓடுவதை அப்படியே சொல்ல வேண்டும். கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த ஒரு ஆச்சியை வைத்துப் பழகினோம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருந்தவர், எது கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன்" என்பார். பயிற்சிக்கு வந்த சிஸ்டர் கூட நின்ற மாணவியிடம் சொன்னார்: "காலையில தானா எழுந்து உட்கார்ந்து காப்பி குடிச்சாங்க. இப்ப ஒரு வார்த்தை பேசி முடிக்க ரெண்டு தடவை மூச்சு வாங்குறாங்க. எனக்கு இது சரியாப் படலை, மூச்சை முழுசா ஒரு நிமிஷம் எண்ணு." மாணவி எண்ணினாள், 32. சார்ட்டில் காலையிலிருந்து 20 என்றே இருந்தது. எத்தனை வார்டுகளில் எண்ணிப் பார்க்காமலே எல்லோருக்கும் 20 என்று எழுதுகிறோம் என்பது நமக்கே தெரியும். நோயாளி மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சுதான், பிபி இறங்குவதற்கு முன்னாலேயே. அன்றைக்கு டாக்டரை நேரத்தில் கூப்பிட முடிந்தது. அந்த மாணவி இனி யாருக்கும் எண்ணாமல் எழுத மாட்டாள் என்று நம்புகிறேன்.

அடுத்தது, கேட்ட பிறகு சொல்வது. 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் ஒரு சின்ன முறை எழுதினார்கள். நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று முதலில் கேள், ஒரு பொது விதியைச் சொல், சரியாகச் செய்ததை இன்னது என்று குறிப்பிட்டுச் சொல், அப்புறம் தப்பைத் திருத்து. ஐந்தும் சேர்ந்து சில நிமிஷம்தான் ஆகும். நம்மவர்களுக்குக் கடைசி ஒன்று மட்டும் நன்றாக வருகிறது, அதுவும் நோயாளி முன்னால், அவர் வீட்டு ஆட்கள் முன்னால். அப்படித் திட்டு வாங்கிய பெண் அடுத்த முறை சந்தேகம் வந்தால் கேட்க மாட்டாள், பேசாமல் ஊசியைப் போட்டுவிடுவாள். இன்சுலின் விஷயத்திலும் அதுதான். பிறகு தனியாகக் கேட்டபோது, சிரிஞ்சைப் பற்றிச் சந்தேகம் இருந்ததாகவும் கேட்கப் பயமாக இருந்ததாகவும் சொன்னாள்.

"எங்களை யார் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றோம்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். "ரெண்டு வருஷத்துல வெளிநாடு கிளம்பிருவாங்க, இவங்களுக்கு எதுக்கு" என்பார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு வருஷமும் இராத்திரி டியூட்டியில் அவர்கள் பொறுப்பில் கிடப்பது தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் வரும் நம் சனங்கள்தானே. பிஎஸ்சி நர்சிங் புதிய பாடத்திட்டத்தில் கடைசி செமஸ்டரே பெரும்பாலும் வார்டு பயிற்சிதான். அத்தனை வாரம் அந்தப் பிள்ளைகளுக்கு டீச்சர் வார்டு நர்ஸ்தான்.

பிரிட்டனில் 2018இல் நர்சிங் மாணவர் பயிற்சி விதியை மாற்றி, கூட இருந்து கற்றுக்கொடுப்பவர் வேறு, தேறிவிட்டாள் என்று மதிப்பிடுகிறவர் வேறு என்று பிரித்தார்கள். இங்கேயும் அது வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மார்க் போடுகிறவரிடம் "தெரியாது" என்று சொல்ல எந்த மாணவிக்குத் தைரியம் வரும்?

நர்சிங் சூப்பரின்டென்டன்டுகளுக்கும் நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சி கொடுத்துவிட்டு அதே சிஸ்டரிடம் வழக்கமான பன்னிரண்டு கட்டிலையும் கொடுத்து, கூட இரண்டு புதியவர்களையும் விட்டால் அவரால் வாய்விட்டு யோசிக்க முடியாது, ஓடத்தான் முடியும். புதியவர் வரும் முதல் மாதமாவது டியூட்டி லிஸ்ட்டில் அந்த சிஸ்டர் பெயருக்கு நேராக மூன்று கட்டிலைக் குறைத்துப் போடுங்கள்.