ஸ்ப்ரேயைக் கீழே வையுங்கள், எறும்புக்குத் தீனி வையுங்கள்

பூச்சி ஒழிப்பு வேலையாக வட சென்னையில் வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே புகார்தான்: “ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டேதான் இருக்கோம், எறும்பு அதிகமாத்தான் ஆகுது.” அவர்கள் சொல்வது நிஜம். அடிப்பதால்தான் அதிகமாகிறது.

சமையலறை மேடையில் ஊரும் பொடி மஞ்சள் எறும்புக்கு பாரோ எறும்பு என்று பெயர். ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். வெளியே வரிசையில் தெரிவது கூட்டத்தில் சின்னப் பங்குதான். ஸ்ப்ரே பட்டதும் ராணிகள் ஆளுக்குக் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளோடு பிரிந்து போய்ப் புதுக் கூடு கட்டிவிடும். ஒட்டுக் குடித்தனத்திலும் ஹவுசிங் போர்டு பிளாக்கிலும் சுவர் பொதுச்சுவர். நீங்கள் அடித்தால் பக்கத்து வீட்டுக்குப் போகும், அந்த அக்கா அடித்தால் இங்கே திரும்பும். இப்படி ஒரு வீட்டில் மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். வயர்களுக்கு நடுவே ரவையைக் கொட்டியது போல வெள்ளை முட்டைகள், அவற்றைக் கவ்விக்கொண்டு ஓடும் எறும்புகள். ஸ்ப்ரே அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

எறும்பையே மருந்தை உள்ளே தூக்கிப் போக வைக்க வேண்டும். நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கேரம் ஆடுகிறார்கள், போர்டில் தூவும் போரிக் பவுடரைத் தெரியாதவர்கள் இல்லை. கடையில் வாங்கும்போது போரிக் ஆசிட்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டம்ளர் சர்க்கரை, அரை டீஸ்பூன் பவுடர். அதற்கு மேல் போடாதீர்கள்; மருந்து தூக்கலாக இருந்தால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது. பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட சின்ன டப்பாவுக்குள் மூடி, வரிசை போகும் பாதையில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முதல் நாள் எறும்பு மொய்க்கும். பயந்துபோய்த் துடைத்துவிடாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டும். பஞ்சு காய்ந்தால் மாற்றுங்கள். ஓரிரு வாரம் பொறுமை வேண்டும்.

சர்க்கரையைச் சீண்டாமல் கருவாட்டிலும் மீன் கழிவிலும் மட்டும் மொய்த்தால், வறுத்த வேர்க்கடலையை எண்ணெய் விட்டு அரைத்து அதில் துளி பவுடர் கலந்து வையுங்கள். பக்கத்து வீட்டாரும் அதே வாரத்தில் வைத்தால்தான் முழுப் பலன்.

எறும்பு சாக்பீஸ் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. அது பூச்சிக்கொல்லி. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் கோடு போடாதீர்கள், ஸ்கூல் சாக்பீஸோடு சேர்த்தும் வைக்காதீர்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்; சாக்பீஸ் இருந்த அட்டைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இல்லையென்றால் 108. சிலர் இன்னும் ‘கெமாக்ஸின் பவுடர்’ கேட்கிறார்கள். அதிலிருந்த பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லி இந்தியாவில் 1997-லேயே தடை செய்யப்பட்டது. அந்தப் பெயரில் யாராவது பொட்டலம் கட்டித் தந்தால் வாங்காதீர்கள்.

அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டிக் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.

இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். ஐப்பசி மழையில் மண்ணுக்குள் இருக்கும் கூட்டில் தண்ணீர் புகுந்தால், அவை ஏறும் திட்டு நம் வீடுதான். உள்ளே எறும்பு நின்ற பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் இறங்கும் ஓட்டை, ஜன்னல் சட்டத்தின் ஓரம், வாசற்படி விரிசல் இவற்றை ஒயிட் சிமென்ட் வைத்து அடையுங்கள். பழைய பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் அவை விட்டுப்போன வாசனையும் போய்விடும். எறும்பு நிற்பதற்கு முன்பே அடைத்தால் வேறு வழி தேடி அடுத்த அறைக்குள் வரும்.