பஞ்சுக் கோட்டையைக் கட்டிய வாயு

துருக்கியின் தென்மேற்கில், டெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு மலைச்சரிவு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பனி என்றுதான் நினைப்பார்கள். கிட்டே போனால் படிப்படியாகத் தொட்டிகள், அவற்றில் வெதுவெதுப்பான தண்ணீர். இடத்தின் பெயர் பாமுக்கலே. துருக்கி மொழியில் பஞ்சுக் கோட்டை என்று பொருள். சரிவுக்கு மேலே ஹையராபொலிஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தே 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வழிகாட்டியோடு ஒரே நாளில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் இரண்டு கதைகளாகவே போய்ச் சேர்கிறது. நகரம் என்றால் வரலாறு, வெள்ளைப் படிகள் என்றால் இயற்கை. எனக்கு அப்படிப் பிரிக்க மனம் வருவதில்லை. அந்தப் படிகளைக் கட்டியதும், நகரத்தின் கோயில் வாசலில் காளைகளைச் சாய்த்ததும் ஒரே வாயு. கார்பன் டை ஆக்சைடு.

முதலில் படிகளைப் பார்ப்போம். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. இந்தப் பகுதியில் நிலத்தின் ஓடு இழுபட்டுப் பிளந்து கிடக்கிறது. பிளவுகள் வழியாகத் தண்ணீர் ஆழத்துக்குப் போய்ச் சூடாகி, கீழிருந்து வரும் வாயுவை இன்னும் வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புப் பாறைகளைக் கரைத்தபடி மேலே வருகிறது. படிகளுக்கு வரும் ஊற்றுநீரின் வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். கையில் அள்ளிப் பார்த்தால் தெளிந்த தண்ணீர்தான். கரைந்திருக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே பலர் ஒரு தப்புக்கணக்குப் போடுகிறார்கள். சூடான தண்ணீர் ஆறுகிறது, ஆறியதும் சுண்ணாம்பு படிகிறது என்று. சர்க்கரைப் பாகுக்கு அது சரி. சுண்ணாம்புக் கல்லின் கதை வேறு. அது குளிர்ந்த நீரில்தான் கொஞ்சம் கூடுதலாகவே கரையும். அதைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருப்பது கரைந்த வாயு. ஆழத்தில் அழுத்தம் இருக்கும்வரை வாயு உள்ளேயே இருக்கும். மேலே வந்ததும் மூடி திறந்த சோடா பாட்டில்போல வெளியேறிவிடும். பிடி விட்ட சுண்ணாம்பு கீழே படிகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அங்கேயும் நடப்பது இதே வேதிவினைதான். இப்படிப் படிந்து உருவாகும் கல்லை டிராவர்டைன் என்கிறோம்.

சரி, படிந்தால் சரிவு முழுக்க ஒரே பூச்சாகப் படிய வேண்டியதுதானே? தொட்டியும் வரம்பும் எங்கிருந்து வந்தன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சரிவில் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாண்டும் தண்ணீர் மெல்லிய படலமாகி, வேகமெடுத்துச் சலசலக்கிறது. அங்கே வாயு சீக்கிரம் வெளியேறும், சுண்ணாம்பும் அதிகம் படியும். மேடு இன்னும் உயரும். அதன் பின்னால் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் அசைவு குறைவு, அதனால் படிவதும் குறைவு. வரம்பு வளர வளர, தொட்டி தானாகவே ஆழமாகிறது.

வரம்பின் மேல்விளிம்பு மட்டம் பார்த்து வைத்தாற்போல் இருப்பதற்கும் காரணம் உண்டு. விளிம்பில் எங்காவது பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கேதான் அதிகம் வழியும். அதிகம் வழியும் இடத்தில் அதிகம் படியும். பள்ளம் நிரம்பியதும் தண்ணீர் அடுத்த தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். கொத்தனார் இல்லாமலே வேலை நடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே நடக்க விடுவார்கள். குனிந்து பார்த்தால் பெரிய வரம்பின் சரிவிலேயே விரல் அகலத்துக்குக் குட்டித் தொட்டிகள் அடுக்கடுக்காக இருப்பது தெரியும். அதே விதி, சின்ன அளவில். பாதத்துக்கடியில் அலையலையாக நெருடுவது அவற்றின் விளிம்புகள்தான்.

இந்தத் தண்ணீரை அந்தக் காலத்து மக்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் என்ற நாட்டின் அரசர்கள் இங்கே வெந்நீர்க் குளியல் நகரத்தை அமைத்தார்கள். பிறகு அது ரோமானியர் கைக்கு வந்தது. தோட்டங்களையும் திராட்சைக் கொடிக்கால்களையும் சுற்றி வாய்க்கால் வெட்டி இந்தத் தண்ணீரை விட்டால் அது கல்லாகி வேலியாகிவிடும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். வடக்குப் பக்கத்து இடுகாட்டில் டிராவர்டைனில் பாதி புதைந்து நிற்கும் ஒரு கல்லறையைப் பார்த்தால் அவர் சொன்னதை நம்ப வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம் அந்தக் கோயில் வாசல். பாதாள உலகின் தெய்வமான புளூட்டோவின் பெயரால் அதைப் புளூட்டோனியன் என்றார்கள். உள்ளே கொண்டுபோன காளைகள் செத்து விழுந்தன, கூடவே போன பூசாரிகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை. பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, தான் விட்ட சிட்டுக்குருவிகள் உடனே செத்து விழுந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். இத்தாலியத் தொல்லியலாளர் ஃபிரான்செஸ்கோ டாண்ட்ரியாவின் குழு இந்த வாசலைக் கண்டுபிடித்ததாக 2013-இல் அறிவித்தது. அதன்பின் ஹார்டி ஃபான்ஸ் என்ற ஜெர்மன் உயிரியலாளர் கருவிகளோடு போனார். 2018-இல் வெளியான அவருடைய குழுவின் அளவீட்டின்படி குகைக்குள் கார்பன் டை ஆக்சைடு 91 சதவீதம் வரை இருந்தது. குகை வாயில் 4 முதல் 53 சதவீதம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்து. நாம் சுவாசிக்கும் காற்றில் அது வெறும் 0.04 சதவீதம்.

விடை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. இரவில் காற்று அடங்கியதும் தரையோடு தரையாகக் குளம்போலத் தேங்கும். பகலில் வெயிலும் காற்றும் அதைக் கலைத்துவிடும். தலையைத் தாழ்த்திய காளையின் மூக்கு அந்தக் குளத்துக்குள்ளே இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பூசாரியின் மூக்கு அதற்கு மேலே. அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டதையும் ஸ்ட்ராபோ கவனித்திருக்கிறார். எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில் ஆபத்து என்பது பூசாரிகளுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

வாயுவும் வெந்நீரும் மேலே வருவது நகரத்துக்கு அடியிலேயே ஓடும் நிலப்பிளவின் வழியாக. அதே பிளவுதான் ஊரையும் உலுக்கியது. கி.பி. 60-இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. இன்று பழைய குளத்தில் இறங்கிக் குளிப்பவர்களின் காலடியில், பின்னாளில் வந்த ஒரு நிலநடுக்கத்தில் சாய்ந்த பளிங்குத் தூண்கள் கிடக்கின்றன.

20-ஆம் நூற்றாண்டில் மலை உச்சியில் ஹோட்டல்கள் முளைத்தன. ஊற்றுநீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குப் போனது, படிகள் பழுப்பேறின. பின்னர் அவற்றை இடித்து அகற்றினார்கள். இப்போது தண்ணீரை முறைவைத்துத்தான் படிகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். புதிதாகப் படியும் சுண்ணாம்பு முதலில் கூழ்போல் இளகியே இருக்கும், வெயிலில் காய்ந்தால்தான் இறுகும். ஓயாமல் நனைந்துகொண்டே இருந்தால் பாசி பிடித்து நிறம் மாறிவிடும். ஆகவே நீங்கள் போகும் நாளில் சில தொட்டிகள் வறண்டு கிடந்தால் ஏமாந்துபோக வேண்டாம். அவை அன்றைக்குக் காய்ந்துகொண்டிருக்கின்றன.