கிளிநொச்சியில் ஒரு பிரதி, மும்பையில் ஒரு பிரதி

2009இல் முடிந்த போரின் இறுதி மாதங்களில் ஊர் ஊராக இடம்பெயர்ந்த வன்னி மக்களிற் பலர், காணி உறுதிகளையும் பெர்மிட்டுகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வழியிலேயே இழந்தார்கள். ஆகையால், இங்கே கிளிநொச்சியில் உள்ள ஆவணங்களை ஸ்கேன் செய்து கணினியிற் பேண முற்படுவோர், வன்தட்டு பழுதானால் என்ன செய்வது என்பதோடு, அது இருக்கும் கட்டடமே அழிந்துபோனால் என்ன செய்வது என்றும் கேட்டாக வேண்டும். முதற் கேள்விக்கு ஒப்ஜெக்ட் சேமிப்பகமும், இரண்டாவதற்கு அதை வெளியூர்க் கிளவுட்டுடன், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பிடத்துடன், இணைக்கும் ஹைபிரிட் (கலப்பு) அமைப்பும் விடை தருகின்றன.

ஒப்ஜெக்ட் சேமிப்பகத்தில் கோப்புறைக்குள் கோப்புறை என்ற அடுக்கு கிடையாது. கோப்பு, அதைப் பற்றிய விவரங்கள், அதற்கே உரிய ஒரு பெயர் ஆகிய மூன்றும் ஒரே ஒப்ஜெக்டாக, பக்கெற் எனப்படும் ஒரு பெருந்தொகுப்பில் வைக்கப்படும். அதை இடலாம், எடுக்கலாம், அழிக்கலாம். நடுவில் ஓரிடத்தை மட்டும் திருத்த முடியாது, திருத்தினால் முழுவதையும் புதிதாக இட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இருப்பதாலேயே தரவைப் பல கணினிகளிற் பரப்பி வைப்பது எளிதாகிறது. 2006இல் அமேசன் தொடங்கிய எஸ்3 என்ற கிளவுட் ஒப்ஜெக்ட் சேமிப்புச் சேவையின் கட்டளை முறையைப் பின்னர் சொந்தச் சேர்வரில் நிறுவக்கூடிய செஃப் (Ceph) போன்ற மென்பொருள்களும் ஏற்றுக்கொண்டன. எனவே கிளிநொச்சிச் சேர்வருக்கென எழுதிய நிரல், முகவரியையும் அனுமதிச் சாவிகளையும் மாற்றினால், பெரும்பாலும் அப்படியே மும்பையிலுள்ள கிளவுட்டுடனும் பேசும். ஹைபிரிட் அமைப்பு சாத்தியமாவது இந்தப் பொதுமொழியால்தான்.

20 மெகாபைட் அளவுள்ள ஒரு பெர்மிட்டின் ஸ்கேன் உள்ளே செல்லும்போது நடப்பதைப் பார்ப்போம். சேமிப்பகம் அதை 5 மெகாபைட் கொண்ட நான்கு துண்டுகளாகப் பிரிக்கிறது. அந்த நான்கையும் வைத்து, அதே அளவில் மேலும் இரண்டு துண்டுகளைக் கணித்து, ஆறையும் ஆறு வன்தட்டுகளில் எழுதுகிறது. ரீட், சொலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட கணிதத்தின்படி, ஆறில் எந்த நான்கு கிடைத்தாலும் முழு ஆவணத்தையும் மீட்டுவிடலாம். மூன்று முழுப் பிரதிகள் வைத்தாலும் இரண்டு வன்தட்டுகளின் இழப்பைத்தான் தாங்கலாம். ஆனால் அதற்கு 60 மெகாபைட் வேண்டும், இதற்கு 30 போதும். ஒவ்வொரு துண்டுடனும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் எழுதப்படுவதால், ஓசையின்றிச் சிதைந்த துண்டையும் கண்டுபிடித்து மற்றவற்றிலிருந்து திரும்ப ஆக்கலாம்.

எல்லாவற்றையும் நேரே கிளவுட்டில் வைத்தால் என்ன? 4 டெராபைட் தரவை வினாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில், இடையறாது அனுப்பினாலும் ஏறத்தாழ பதினெட்டரை நாட்கள் ஆகும். ஒரு கிகாபிட் உள்ளக வலையமைப்பில் ஒன்பது மணித்தியாலங்கள் போதும். இணையம் அறுந்த நாளிலும் அலுவலகம் இயங்க வேண்டும் என்பதும் சிறிய காரணமன்று. தவிரவும், கிளவுட்டிலிருந்து தரவைத் திரும்ப எடுப்பதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் தனிக் கட்டணம் அறவிடுகின்றன.

ஆகவே அன்றாடப் பிரதி இங்கேயே இருக்கும். பின்னணியில் ஒவ்வோர் ஒப்ஜெக்டும் வரிசையில் நின்று கிளவுட்டுக்குச் செல்லும். இணைப்பு அறுந்தால் வரிசை நீளும். மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த இடைவெளியில் கட்டடம் எரிந்தால் வரிசையில் நின்றவை போய்விடும் என்பதையும் மறைக்கக்கூடாது. தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியாதிருக்க, பழைய பதிப்புகளைப் பேணும் வசதியையும், குறித்த காலம்வரை எவரும் அழிக்க முடியாத பூட்டையும் கிளவுட் பக்கத்தில் கட்டாயம் இயக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மக்களின் ஆவணங்களாதலால், அவை மறைகுறியாக்கப்பட்டே வெளியே செல்ல வேண்டும். அதைத் திறக்கும் சாவி கிளிநொச்சிச் சேர்வரில் மட்டும் இருந்து அது அழிந்துபோனால், மும்பையிற் பத்திரமாக இருக்கும் பிரதியை எவராலும் வாசிக்க முடியாது. எனவே அந்தச் சாவியின் பிரதியொன்று வேறொரு மாவட்டத்தில், பொறுப்பான இருவரின் கையில் இருக்க வேண்டும்.